500 பார் நாஸிலைத் தின்பது குமிழியா, மணலா?

தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. சென்னை காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேற்றும் இரும்பு விசைப்படகுகளின் அடிப்பக்கத்தை அவர் தண்ணீர் ஜெட் அடித்துச் சுத்தம் செய்கிறார். 50 குதிரைத்திறன் மோட்டார், மூன்று பிளஞ்சர் (தண்ணீரைத் தள்ளும் தண்டு) உள்ள ஒரு பம்ப், 500 பார் அழுத்தம் (1 பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), நிமிடத்துக்கு 40 லிட்டர். 1.7 மி.மீ. துளையுள்ள ஸ்டீல் நாஸில் புதிதாக மாட்டினால் பத்துப் பன்னிரண்டு நாளில் ஜெட் விரிந்துபோகிறது, கொட்டலசு (படகின் அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள உயிரி) பெயர மாட்டேன் என்கிறது. கடைக்காரர், "இது கேவிடேஷன், கார்பைடு போட்டால்தான் நிற்கும்" என்று பல மடங்கு விலை சொல்கிறார். கேவிடேஷன் என்றால் தண்ணீருக்குள் நீராவிக் குமிழி பிறந்து உடைந்து உலோகத்தை அரிப்பது; கார்பைடு என்பது ஸ்டீலைவிடக் கடினமான ஒரு பொருள். வாங்கலாமா என்பது கேள்வி.

தம்பி, வாங்கலாம். ஆனால் இப்போது வேண்டாம். முதலில் தேய்ந்த நாஸில் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்துப் பாருங்கள். அம்பத்தூரில் ஒயர் கட் மெஷின் வைத்திருக்கும் பட்டறை எதில் கொடுத்தாலும் செய்து தருவார்கள். நகை பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று போதும், உள்சுவர் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

கேவிடேஷன் தின்ற இரும்பு பஞ்சு போல இருக்கும். பளபளப்பு துளியும் இராது, குழிக்குள் குழியாக, விரல் நகத்தால் தேய்த்தால் சொரசொரவென்று இருக்கும். இடமும் முக்கியம். துளை குறுகி முடிந்து நேராகத் தொடங்கும் மூலை இருக்கிறதல்லவா, அதற்குச் சற்றுக் கீழே வளையம் போட்டதுபோல் அந்தச் சொரசொரப்பு தெரியும். மணல் தின்ற இரும்பு வேறு மாதிரி. ஆற்றங்கரைக் கூழாங்கல் போல வழவழவென்று, நுழைவாயில் விளிம்பு மழுங்கி, தண்ணீர் போன திசையிலேயே கோடுகோடாக இருக்கும். உப்புத் தண்ணீர் அரித்தது என்றால் பம்ப் ஓடாத நேரத்தில் ஈரம் தங்கிய இடமெல்லாம் துருப்புள்ளி கிடக்கும், குறிப்பிட்ட ஓர் இடம் என்று இராது. மூன்றும் சேர்ந்தும் வரலாம். ஒன்று தொடங்கி வைக்கும், மற்றது முடித்து வைக்கும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மணலி பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (வெப்பம் மாற்றும் கருவி) குழாய்களை ஜெட்டில் கழுவும் வேலை. நாஸில் வாரம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. நானும் கேவிடேஷன் என்று எழுதிக் கொடுத்துக் கார்பைடு வரவழைத்தேன். அதுவும் மூன்றே வாரத்தில் போனது. அறுத்துப் பார்த்தபோதுதான் உள்ளே வழவழப்பான வரிகளைக் கண்டோம். ஃபில்டர் சட்டத்துக்குள் வாஷர் வைக்காமல் பூட்டியிருந்தார்கள். போர்வெல் தண்ணீர் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு மணலோடு நேராகப் பம்புக்குப் போயிருக்கிறது. ஒரு ரப்பர் வாஷர் போட்டதும் பழைய ஸ்டீல் நாஸிலே மாதக்கணக்கில் ஓடியது. அன்றிலிருந்து அறுத்துப் பார்க்காமல் நான் யாருக்கும் காரணம் சொல்வதில்லை.

உங்கள் வேலை நடக்கும் இடத்தில் இந்தச் சந்தேகம் இன்னும் வலுவாகிறது. காசிமேடு, திருவொற்றியூர் கடலோர போர் தண்ணீரில் உப்பும் நைசான மணலும் சேர்ந்தே வரும். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கடல்நீர் உள்ளே ஏறிவந்த கதை அரை நூற்றாண்டுக்கு மேல் பழையது. படகு கழுவ எந்தத் தண்ணீர் என்றாலும் சரிதானே என்று நினைக்கக் கூடாது. படகுக்குச் சரி, நாஸிலுக்குச் சரியில்லை. லாரித் தண்ணீர் என்றாலும் 10 மைக்ரான் ஃபில்டர் வழியாகத்தான் பம்புக்குள் போக வேண்டும்.

சரி, அறுத்துப் பார்த்தீர்கள், பஞ்சு போன்ற வளையம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இனி வருவது அதற்கான பதில்.

கரையேற்றிய படகின் புரொப்பெல்லரை உற்றுப் பாருங்கள். இலையின் ஓரத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருக்கும். அதுவும் கேவிடேஷன்தான். இந்த நோயை உலகம் முதலில் கண்டுகொண்டதே கப்பல் புரொப்பெல்லரில்தான். 1890களில் பிரிட்டிஷ் பொறியாளர் சார்லஸ் பார்சன்ஸ் டர்பைன் பூட்டிய டர்பினியா கப்பலை ஓட்டிப் பார்த்தபோது எதிர்பார்த்த வேகம் வரவில்லை. புரொப்பெல்லரைச் சுற்றி நீராவிக் குமிழி மண்டிக் கிடந்தது. கடைசியில் மூன்று தண்டுகளில் ஒன்பது புரொப்பெல்லர் போட்டுத்தான் வேகத்தைப் பிடித்தார். குமிழி உடையும்போது எவ்வளவு அழுத்தம் பிறக்கும் என்ற கணக்கை பிரிட்டிஷ் இயற்பியலாளர் ராலே 1917-இல் போட்டுக் காட்டினார்.

நடப்பது இவ்வளவுதான். தண்ணீர் கொதிக்க எப்போதும் சூடு வேண்டியதில்லை, அழுத்தம் இறங்கினாலும் கொதிக்கும். 30 டிகிரித் தண்ணீர் 0.04 பாருக்குக் கீழே போனால் அங்கேயே நீராவிக் குமிழியாகிவிடும். அந்தக் குமிழி சற்றுத் தள்ளி அழுத்தம் கூடிய இடத்துக்குப் போனதும் நொறுங்கும். சுவருக்குப் பக்கத்தில் நொறுங்கும் குமிழி வட்டமாகச் சுருங்குவதில்லை. எதிர்ப்பக்கம் உள்ளே குழிந்து, ஊசி போன்ற ஒரு நீர்த்தாரை சுவரைக் குத்துகிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் உடையும் குமிழியிலேயே அந்த ஊசி நொடிக்கு 130 மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்பது கணக்கிட்டு அறிந்தது. ஒரே இடத்தில் கோடிக்கணக்கான முறை குத்தினால் எந்த இரும்பு தாங்கும்?

இப்போது உங்கள் நாஸிலுக்கு வருகிறேன். கடைக்காரர் சொல்லாத விஷயம் இங்கேதான் இருக்கிறது.

500 பார் அழுத்தம் முழுவதும் ஓட்டத்தின் வேகமாக மாறினால் தண்ணீர் நொடிக்கு 316 மீட்டரில் வெளியேறும். வெளியேறும் வாயில் அருகே தண்ணீருக்குள் மீதம் இருக்கும் அழுத்தம் எவ்வளவு? வெளியே இருக்கும் காற்றழுத்தம், அதாவது 1 பார். பம்ப் காட்டும் 500 பார் அங்கே இல்லை, அது ஓட்டத்தின் வேகமாக மாறிவிட்டது. குமிழி பிறக்காமல் காப்பது அந்த ஒரே 1 பார்தான். அந்த ஒரு பாரை இழக்க வேகம் எவ்வளவு கூட வேண்டும் என்று போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 0.3 மீட்டர். 316-இல் 0.3, ஆயிரத்தில் ஒரு பங்கு! துளைக்குள் ஒரு கீறல், ஒரு பிசிறு, சற்றே கூரான மூலை இருந்தால் போதும், தண்ணீர் அதைத் தாண்டும்போது ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் கூடிவிடும், அங்கே குமிழி பிறந்துவிடும்.

அதனால்தான் கடினமான உலோகம் இந்த நோய்க்கு முதல் மருந்து ஆகாது என்கிறேன். கார்பைடில் அதே கூர்மூலை இருந்தால் அதே குமிழி பிறக்கும், அதே குத்து விழும், தாங்கும் நாள் மட்டும் கூடும். குமிழி பிறக்காமல் தடுப்பது துளையின் வடிவமும் வழவழப்பும்தான்.

வடிவம் என்றால் என்ன? வெறும் டிரில் பிட்டால் ஓட்டை போட்ட நாஸிலில் தண்ணீர் அகலமான இடத்திலிருந்து சட்டென்று சின்ன ஓட்டைக்குள் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த வேகத்தில் திரும்ப முடியாமல் சுவரை விட்டு விலகிப் போகிறது. ஓட்டையின் பரப்பில் ஏறக்குறைய 62 சதவீதத்தில்தான் தண்ணீர் போகும். விலகிய இடத்தில் சுவரோரம் வெற்றிடம் மாதிரி ஆகி, குமிழி மண்டிக் கிடக்கும். அது போய் மறுபடி சுவரைத் தொடும் இடம்தான் அந்தப் பஞ்சு வளையம். இதற்கு மாற்று, மொத்தக் கோணம் 13, 14 டிகிரி வரும்படி மெல்லக் குறுகும் கூம்பு, அதன் முடிவில் துளை விட்டத்தைப் போல மூன்று மடங்கு நீளத்துக்கு நேரான பகுதி. உங்கள் 1.7 மி.மீ. துளைக்கு அது 5 மி.மீ. வரும்.

அந்த 5 மி.மீ. எதற்கு என்று பலர் கேட்பார்கள். ஜெட் நேராகப் போவதற்கு என்பது பாதிப் பதில்தான். தண்ணீர் அந்தச் சுவரோடு உரசுவதால் நேர்ப்பகுதியின் தொடக்கத்தில் அழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சுமார் 20 பார் கூடுதலாக நிற்கும். குமிழி பிறக்க ஆசைப்படும் மூலை அங்கேதானே இருக்கிறது? காவலுக்கு 1 பார் மட்டும் இருந்த இடத்தில் இப்போது 20 பார் இருக்கிறது. நீளத்தை விட்டத்தின் பத்து மடங்குக்கு இழுத்தால் உரசலில் வேகம் வீணாகும், அதனால் இரண்டு முதல் நான்கு மடங்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கூம்பும் நேர்ப்பகுதியும் சேரும் மூலையைக் கட்டாயம் மழுக்க வேண்டும். டீசல் இன்ஜெக்டர் செய்பவர்கள் இதே காரணத்துக்காகத்தான் தூள் கலந்த திரவத்தை ஓட்டையில் பாய்ச்சி வாயிலை மழுக்குகிறார்கள், ஓட்டையையும் வெளிப்பக்கம் குறுகலாக வைக்கிறார்கள்.

தண்டையார்பேட்டையிலோ அம்பத்தூரிலோ நல்ல லேத் மேஸ்திரி ஒருவர் கிடைத்தால் இதை இங்கேயே செய்யலாம். 440 சி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கூம்பை அதே கோணத்துக்குத் தீட்டிய பிட்டால் கடைந்து, ஹார்டன் செய்து (சூடாக்கிக் கடினப்படுத்தி), பிறகு செப்புக் கம்பியில் வைரப் பேஸ்ட் தடவி உள்ளே பாலிஷ் போட வேண்டும். ஹார்டன் செய்த பிறகுதான் கடைசிப் பாலிஷ், முன்னால் போட்டால் சூட்டில் படியும் செதில் எல்லா உழைப்பையும் கெடுத்துவிடும். வெளிவாய் விளிம்பை மட்டும் மழுக்காதீர்கள். அங்கே கூராக இருந்தால்தான் ஜெட் சுத்தமாக அறுந்து வெளியேறும். பாலிஷ் போடுகிறேன் என்று மேஸ்திரி இரண்டு பக்கமும் மழுக்கித் தருவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

வாட்டர் ஜெட் கட்டிங் மெஷினில் நீலக்கல்லில் கூர்விளிம்பு ஓட்டை வைக்கிறார்களே, அது எப்படி நிற்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே 3,000 பாருக்கு மேல் அழுத்தம், மிகச் சின்னத் துளை. தண்ணீர் விளிம்பை விட்டு விலகியதும் மறுபடி சுவரைத் தொடுவதே இல்லை, நடுவில் காற்று சூழ்ந்திருக்கிறது. தொடாத சுவரைத் தேய்க்க முடியாது. ஆனால் விளிம்பில் தலைமுடி அளவு சேதம் வந்தாலும் ஜெட் ஒரு பக்கம் சாய்ந்து சுவரைத் தொட்டுவிடும். கையில் பிடித்து, படகில் இடித்து, மணலில் போடும் கன்னுக்கு (நாஸில் பூட்டிய கைத்துப்பாக்கி) அந்த வடிவம் ஒத்துவராது.

நாஸிலுக்கு முன்னால் இருக்கும் வழியையும் பாருங்கள். கன்னில் முழங்கை வளைவு முடிந்த உடனே நாஸில் இருந்தால், தண்ணீர் சுழன்றுகொண்டே கூம்புக்குள் போகும். சுழலின் நடுவில் அழுத்தம் இறங்கிவிடும், குளித்துவிட்டுத் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடும்போது நடுவில் குழி விழுவதுபோல. நாஸிலுக்கு முன் ஓர் அடி நேரான லான்ஸ் (நீளக் குழாய்) இருக்கட்டும். இடமிருந்தால் உள்ளே நான்கு தடுப்புள்ள ஒரு ஸ்ட்ரெயிட்டனர் போடுங்கள்.

டெஃப்லான் டேப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாஸில் மரையில் டேப்பைத் தாராளமாகச் சுற்றி இறுக்குகிறார்கள். அதன் நார் ஒன்று பிய்ந்து கூம்பின் வாயில் ஓரமாக ஒட்டிக்கொள்ளும். ஓட்டை அடைபடாது, ஜெட் கொஞ்சம் கோணும், அவ்வளவுதான் வெளியே தெரியும். உள்ளே ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் சுவரை விட்டு விலகி, அந்தப் பக்கம் மட்டும் பஞ்சாகியிருக்கும். அறுத்துப் பார்க்கும்போது வளையம் முழு வட்டமாக இல்லாமல் பாதி நிலா போல இருந்தால் முதலில் டேப்பைச் சந்தேகப்படுங்கள். முடிந்த இடத்தில் ஓ ரிங் (ரப்பர் வளையம்) அல்லது கூம்பு முகம் வைத்த இணைப்புக்கு மாறிவிடுங்கள்.

இன்னொன்று, அடைத்த நாஸிலைக் கம்பியாலோ டிரில் பிட்டாலோ குத்தும் பழக்கம். ஒரே ஒரு கீறல் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தைத் தாராளமாகக் கொடுக்கும் என்று மேலே பார்த்தோம். கழற்றித் தலைகீழாகப் பிடித்துக் குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவுங்கள், போகாவிட்டால் வினிகரில் ஊறவையுங்கள். வேலையாட்களின் பையிலிருந்து அந்தக் கம்பியை வாங்கிவிடுவது நீங்கள் செய்யக்கூடிய செலவில்லாத சீர்திருத்தம்.

தண்ணீர்த் தொட்டிக்கு வருவோம். தடைக்காலம் என்றால் மே மாத வெயில். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வெட்டவெளியில் நிற்கிறது. அதற்கு மேல், கன் டிரிகரை விட்டதும் தண்ணீர் அழுத்தம் குறையாமலே ரெகுலேட்டர் (அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) வழியாகத் தொட்டிக்குத் திரும்பும் அமைப்பு உங்களுடையது என்றால், பம்ப் தண்ணீருக்குக் கொடுக்கும் 33 கிலோவாட் முழுவதும் சூடாக மாறுகிறது. 500 லிட்டர் தொட்டி என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 டிகிரி ஏறும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் 15 டிகிரி. 30 டிகிரியில் 0.04 பாரில் பிறக்கும் குமிழி 60 டிகிரியில் 0.2 பாரிலேயே பிறக்கும். இதனால் முதலில் அடிபடுவது நாஸில்கூட அல்ல, பம்பின் உறிஞ்சு வால்வு. பம்புக்குள் கூழாங்கல் உருட்டுவது மாதிரி சத்தம் கேட்டால் அதுதான். டிரிகரை விட்டால் அழுத்தமும் விடுபடும் வால்வு போடுங்கள், தொட்டிக்கு நிழல் கொடுங்கள், திரும்பும் குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, உறிஞ்சு குழாய்க்கு எதிர்மூலையில் இருக்கட்டும். மேலிருந்து கொட்டினால் காற்றை அடித்துக்கொண்டு உள்ளே போகும். பம்புக்கு முன்னால் ஒரு சின்ன பூஸ்டர் பம்ப் வைத்து 2, 3 பார் அழுத்தத்தோடு தண்ணீர் ஊட்டினால் உறிஞ்சு பக்கத்துத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

நாஸில் தேய்ந்ததைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பம்பில் உள்ள அழுத்தக் கேஜைப் பாருங்கள். பிளஞ்சர் பம்ப் எப்போதும் அதே 40 லிட்டரைத்தான் தள்ளும். 1.7 மி.மீ. துளை 1.8 ஆனால் அழுத்தம் 500-லிருந்து 400-க்கு இறங்கிவிடும். ரெகுலேட்டரில் கொஞ்சம் தண்ணீர் திரும்பிக்கொண்டிருந்தால் இந்த இறக்கம் வெளியே தெரியாது. வாரம் ஒரு முறை அதை முழுதாக மூடி, கேஜ் என்ன காட்டுகிறது என்று நோட்டில் எழுதுங்கள். ரெகுலேட்டரை மூடும் முன் சேஃப்டி வால்வு சரியாக இருக்கிறதா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஜெட் வடிவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் 50 பாருக்குக் குறைத்து, தூரத்தில் நின்று பாருங்கள். கண்ணாடிக் குச்சி போல நேராக வந்தால் நல்ல நாஸில், வாயிலிலிருந்தே வெள்ளையாகப் பூத்தால் உள்ளே கெட்டுவிட்டது. கையால் தொட்டுப் பார்க்கவே கூடாது, குறைந்த அழுத்தத்திலும் கூடாது. 500 பார் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போனால் வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும், உள்ளே விரல் முழுவதும் கிழிந்து அழுக்குத் தண்ணீர் நிறைந்திருக்கும். வலிக்கவில்லையே என்று மருந்து தடவிக்கொண்டு உட்காரக் கூடாது. உடனே ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஓடுங்கள், கை அறுவை சிகிச்சைக்கு நாடறிந்த பிரிவு அங்கே இருக்கிறது. "தண்ணீர் ஜெட் உள்ளே போய்விட்டது" என்று வார்த்தை மாறாமல் சொல்லுங்கள், அப்போதுதான் அவசரம் புரியும்.

அழுத்தத்தையும் ஒரு முறை யோசியுங்கள். குமிழி அரிப்பு வேகத்தின் ஆறாம் அடுக்கை ஒட்டிக் கூடும் என்பது இந்தத் துறையில் பரவலாகக் கையாளும் கணக்கு. 500 பாரை 400 ஆக்கினால் வேகம் பத்தில் ஒரு பங்குதான் குறையும், அரிப்போ ஏறக்குறைய பாதியாகும். நாஸில் நன்றாக இருந்தால் 400 பாரில், இன்னும் ஒரு சாண் பக்கத்தில் பிடித்து அடித்தால் கொட்டலசு போகத்தான் செய்யும். விரிந்த ஜெட்டுக்கு ஈடாக அழுத்தத்தை ஏற்றுகிறோம், அது நாஸிலை இன்னும் வேகமாகத் தின்கிறது. மரப்படகில் இந்த அழுத்தம் வேண்டவே வேண்டாம், பலகை நார்நாராகப் பிய்ந்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு கார்பைடு வாங்குங்கள், அப்போது அந்தக் காசு பல மடங்காகத் திரும்ப வரும். வாங்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். கார்பைடுத் தூளை ஒட்டவைக்கும் உலோகம் கோபால்டா, நிக்கலா? உப்புத் தண்ணீரில் கோபால்ட் கரைந்து, தூள் உதிர ஆரம்பிக்கும். நம் பக்கத்துத் தண்ணீருக்கு நிக்கல்தான் சரி. அடுத்து, ஸ்டீல் கூட்டுக்குள் கார்பைடு பொருந்தும் இடத்தில் படி இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். அகலமான தொடக்கத்தில் சின்னப் படி இருந்தால் பெரிய சேதமில்லை, அங்கே தண்ணீர் மெதுவாகத்தான் போகிறது. துளைக்குப் பக்கத்தில் படி இருந்தால் வாங்காதீர்கள், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.

கடைசியாக, படகு தண்ணீரில் நிற்கும்போதே மூழ்கி அடிக்கும் வேலை வந்தால் இதே நாஸிலைக் கொண்டுபோகாதீர்கள். தண்ணீருக்குள் ஜெட்டின் ஓரம் முழுவதும் குமிழி மேகம் உண்டாகும். கொட்டலசைப் பெயர்க்க அதுவும் உதவும் என்பதால் அதற்கென்றே வடிவமைத்த நாஸில்கள் இருக்கின்றன. சாதாரண நாஸிலில் அந்த மேகம் வெளிவாயின் முகத்தைத் தின்னும். இரண்டு ஆள் ஆழத்தில் கூடும் அழுத்தம் 0.3 பார்தான், அது எதையும் காப்பாற்றாது. கரை வேலைக்கு ஒன்று, நீர் வேலைக்கு ஒன்று என்று நாஸிலில் பெயின்ட் அடையாளம் வைத்துப் பிரித்து வையுங்கள். அறுத்த நாஸிலைப் படம் எடுத்து அனுப்பினால் வளையம் முழுசா, பாதியா என்று பார்த்துச் சொல்கிறேன்.